பஸ் ஸ்டாண்டு மதிலோரத்து ஸ்வெட்டர்கள்

இன்று கடையில் கையில் எடுத்த ஸ்வெட்டரில் அந்துருண்டை வாசம் அடித்தது. நான் பள்ளியில் படித்த காலத்தில், கார்த்திகை பிறந்ததும் தருமபுரி பஸ் ஸ்டாண்டு மதிலோரம் கயிறு கட்டி ஸ்வெட்டர்களைத் தொங்கவிடும் கடைகளிலும் இதே வாசம்தான். இப்போது அந்த மதிலே இல்லை. விடுதியில் தங்கிப் படித்த என் தோழி சாந்திக்கு, குளிரடிக்கும் வத்தல்மலையில் இருக்கும் வீட்டுக்குப் போக ஸ்வெட்டர் வேண்டும். கீழே ஊரிலேயே இருக்கும் எனக்கு வேண்டாம், ஆனாலும் வருடந்தோறும் நான்தான் கூடப் போவேன், அவள் ஒவ்வொன்றாகப் போட்டுத் திரும்பி நிற்க, முதுகுப் பக்கம் இழுத்துவிட்டு எந்த நிறம் என்று சொல்வேன்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் புது ஸ்வெட்டரோடு பள்ளிக்கு வந்தாள்.

"நேத்தே எடுத்துட்டன்டி. ஹாஸ்டல்ல என் ரூம் மாலதி கூட வந்தா. நீதான் வாங்கவே மாட்டியே, உன்னை எதுக்கு அலைய வெக்கணும்?"

"நல்லாருக்குடி" என்றேன்.

மாலதி தேர்ந்தெடுத்த அந்தப் பச்சை, நான் சொன்ன எல்லா நிறங்களையும்விட அவளுக்குப் பொருத்தமாக இருந்தது.