நாலு மனைவிக்கும் ஒரே குரல்

எங்கள் வீட்டில் ஓர் அணில், இரண்டு குரங்குகள், பேசும் சோப்புக்கட்டி ஒன்று, கிணற்றில் விழுந்து தத்தளிக்கும் குழந்தை ஒன்று எல்லாம் இருந்தன. எல்லாமே என் சாச்சிதான். அம்மாவின் தங்கையை எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். தண்டையார்பேட்டையில் பஸ் ஏறிப் பாரிமுனையில் இறங்கி, கடற்கரை ஸ்டேஷனுக்கு நடந்து, ரயில் பிடித்துக் கோடம்பாக்கம் போய், அங்கே டப்பிங் பேசிவிட்டுச் சாயந்திரம் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வருவாள்.

அதனால் தெருவில் அவளுக்குத் தனி மரியாதை இருந்தது. இஸ்திரி வண்டிக்காரர் துணியைக் கொடுக்குமுன் அணில் குரலில் ஒரு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்பார். என் அப்பாவுக்கு, அதாவது அத்தாவுக்கு, அதைவிடப் பெருமை. அவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டினார். எண்ணூர் சாலையில் வரிசையில் மாட்டிக்கொண்டு ஒன்றரை நாள் கழித்து வீடு வந்தாலும், “அணிலு வந்துச்சா?” என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார்.

சாச்சி பேசிய குரல்களில் ஒன்று மட்டும் வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்த நாளிலிருந்து எனக்கு வயிற்றுவலி.

அப்போது நான் நான்காம் வகுப்பு. சாயந்திரம் ஐந்தரை மணிக்கு ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன் தமிழில் வரும். ஒரு குடும்பம், ஒரு சோம்பேறி நாய், பக்கத்து வீட்டில் ஒரு ஷேக். ஷேக்கின் கொல்லைப்புறத்தில் எண்ணெய்க் கிணறு இருக்கும். பால் பாக்கெட் வாங்கக்கூட ஒட்டகத்தில்தான் போவார். கோபம் வந்தால் வாளை உருவுவார், சந்தோஷம் வந்தாலும் வாளைத்தான் உருவுவார். அவருக்குப் பின்னால் நான்கு மனைவிகள், ஒரே உயரத்தில், தலையிலிருந்து தரைவரை கறுப்புத் துணி போர்த்தி, படபடக்கும் கண்கள் மட்டும் தெரிய வரிசையாக வருவார்கள். அடிக்கடி விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொள்வார்கள். யார் எந்த மனைவி என்று ஷேக்குக்கே குழம்பும். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே குரல்தான்.

எங்கள் வகுப்பில் அதைப் பார்க்காத ஆள் கிடையாது. நானும் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் இரண்டு பேர் பர்தா போடுகிறார்கள், இருவரும் இதுவரை எந்தக் கம்பத்திலும் முட்டிக்கொண்டதில்லையே என்று தோன்றாமல் இல்லை. இருந்தாலும் சிரிப்பு வந்தது, சிரித்தேன்.

ஒரு சனிக்கிழமை அம்மா திருவொற்றியூரில் ஒரு துக்க வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் சாச்சி தன்னோடு கூட்டிப்போனாள். சுவரெல்லாம் கம்பளம் ஒட்டிய குளிர்ந்த அறை அது. ஷேக்குக்குப் பேச வந்திருந்த பெரியவர் தொண்டையைச் செருமிச் செருமி ஒரே வரியை ஒன்பது தடவை சொன்னார். திரையில் ஷேக்கின் வாய் அசைவதற்குச் சரியாக அவர் வாயும் அசைய வேண்டும். ஒரு எழுத்து முன்னே போனாலும் கண்ணாடிக்கு அந்தப்பக்கத்திலிருந்து மறுபடியும் என்பார்கள்.

அடுத்தது சாச்சி. மைக்கின் முன்னால் நின்று காகிதத்தைப் படித்தாள். படித்துவிட்டு, நானும் டெலிவிஷனும் சேர்ந்து சிரித்த அந்த நான்கு மனைவிகளின் குரலில் இரண்டு வரி பேசினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்றாவது வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

“சார், இத நான் சொல்ல மாட்டேன்.”

அந்த இடத்தில் நடப்பது இதுதான். பக்கத்து வீட்டுப் பையன் அந்தப் பெண்களை நிறுத்தி, துணிக்குள் என்ன ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பான். நான்கு பேரும் ஒரே குரலில், ‘நம்பள் உள்ளே குண்டு வெச்சிருக்கான்!’ என்று கத்த வேண்டும். உடனே தெருவே அலறியடித்து ஓடும்.

டப்பிங் இன்சார்ஜ் நல்ல மனிதர்தான். அலுத்துக்கொண்டார். “ஒரிஜினல்ல அப்படித்தாம்மா இருக்கு. இனிமே ரெண்டு எபிசோடுக்கு ஒருதரம் இந்த ஜோக் வரும். நான் என்ன பண்ணட்டும்?”

“இவங்களுக்குத்தான் வாயே தெரியலியே சார். நீளம் சரியா இருந்தா போதும் இல்ல?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “என்னமோ பண்ணும்மா. ஆனா சிரிப்பு வரணும்.”

சாச்சி மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினாள். “மீன் கொழம்பு! கொட்டப் போவுது, தள்ளிக்கோ!”

குழாயடியில் எங்கள் தெருப் பெண்கள் போடும் அதே அதட்டல். கண்ணாடிக்குப் பின்னால் சவுண்ட் இன்ஜினியர் சிரித்துவிட்டார். திரையில் தெரு ஓடியது. கொதிக்கிற குழம்புக்குப் பயந்து ஓடுவதாகவே இருந்தது. ஒரே டேக்கில் ஓகே. மற்ற வரிகளில் இருந்த நம்பளையும் நிம்பளையும்கூட அவள் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு நம் பேச்சைப் போட்டாள். எனக்குப் பட்டதெல்லாம், வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது, இனி ரோஸ் மில்க் கிடைக்கும் என்பது மட்டும்தான்.

திரும்பும்போது ரயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வூட்ல இத சொல்லாத, இன்னா? அத்தாவுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்.”

“ஏன்?”

“அது நம்மளக் கிண்டல் பண்ற படம்டி.”

“அப்ப நீ ஏன் அதுல பேசற?”

சாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எறங்கணும், பைய எடு” என்றாள். இறங்குவதற்கு இன்னும் மூன்று ஸ்டேஷன் இருந்தது.

அன்றிலிருந்து ஐந்தரை மணி ஆனாலே எனக்குப் பயம். அந்தக் கார்ட்டூன் என்றால் அத்தாவுக்கு உயிர். வீட்டில் இருக்கும் நாட்களில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஷேக்கைக் கண்டால் உச்சுக்கொட்டுவார். மனைவிகள் வாயைத் திறந்தால் தொடையைத் தட்டிச் சிரிப்பார். “யாரும்மா இது? நம்ம காசிமேட்ல மீன் விக்கற பொம்பள கணக்கா பேசுது!” என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். மூலையில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும் சாச்சி தலையை நிமிர்த்தவே மாட்டாள். நான் அவளையும் டிவியையும் அத்தாவின் முகத்தையும் மாற்றிமாற்றிப் பார்ப்பேன். இப்போது கண்டுபிடித்துவிடுவார், இதோ இப்போது என்று பயந்து பயந்து பாத்ரூமுக்கு ஓடுவேன். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்து அலுத்துப்போனாள்.

வீட்டுப் பயம் போதாதென்று பள்ளியிலும் ஒன்று சேர்ந்துகொண்டது. நாலு மணிக்கு என்னை அழைத்துப்போக அம்மா பர்தாவில் கேட்டருகே வந்து நிற்பாள். என் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் ஒருநாள் அவளைப் பார்த்ததும், “டேய், மீன் கொழம்பு வருதுடா! கொட்டப் போவுது, தள்ளிக்கோ!” என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். கேட்டில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள்.

அம்மாவும் சிரித்தாள். “மீன் இல்லடா, இன்னிக்குக் கத்திரிக்கா கொழம்புதான். ஓடாதீங்கடா, லாரி வருது!” என்று பதிலுக்குக் கத்தினாள்.

மறுநாளும் அதேதான். அதில் ஒருவன் அருகிலேயே வந்து, “ஆன்ட்டி, இன்னிக்கு இன்னா கொழம்பு?” என்று கேட்டான். அம்மா அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, சாம்பார் என்றாள். அவர்களுக்குள் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. எனக்கோ மானம் போனது. என் அம்மாவைப் பார்த்து ஊர் சிரிக்கிறது, அந்தச் சிரிப்பு எந்த அறையில், யார் வாயில் பிறந்தது என்று எனக்குத் தெரியும், அதை அவளிடம் சொல்லவும் முடியாது. கடைசி பீரியடில் கணக்கு டீச்சர் எழுதுவது ஒன்றும் என் கண்ணில் படாது. மருந்துக்கடை முனையிலேயே நின்றுவிடு, நானே வருகிறேன் என்று அம்மாவைக் கெஞ்சிப் பார்த்தேன். அங்கே வெயில் அடிக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

ஒரு மாதம் அடக்கி வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, அம்மா சூடான சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்தாள். அத்தா அந்தக் குரலை அப்படியே எடுத்துவிட்டார். “கொட்டப் போவுது, தள்ளிக்கோ!”

அம்மா சிரித்தாள். சாச்சிகூட உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். நான் வெடித்துவிட்டேன்.

“அது சாச்சி! அந்தப் பொம்பளைங்க எல்லாம் சாச்சிதான்! அது பேசறதாலதான் ஸ்கூல்ல எல்லாரும் எங்கம்மாவக் கிண்டல் பண்றாங்க!”

அம்மா சட்டியைக் கீழே வைத்தாள். அத்தா சாச்சியைப் பார்த்தார். கோபத்தில் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை, அது இன்னும் பயமாக இருந்தது.

“அந்தப் படத்துல நம்மள எப்டி காட்டிகினு கீறாங்கன்னு தெரிஞ்சுதான் பேசினியாம்மா?”

“தெரிஞ்சுதான் மச்சான் பேசினேன்.”

“வேற ஆளே கெடைக்கலியா அவங்களுக்கு?”

“கெடைப்பாங்க மச்சான். அதான் நானே பேசறேன்.”

இது என்ன பதில் என்று எனக்குப் புரியவில்லை. அத்தாவுக்குப் புரிந்ததோ என்னவோ, மறுபடி சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். அவர் விட்டாலும் நான் விடுவதாக இல்லை. நீ இனிமேல் பேசக்கூடாது, பேசினால் நான் பள்ளிக்கே போகமாட்டேன் என்று தரையில் காலை உதைத்து அழுதேன். சாச்சி என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா குழம்பை ஊற்றத் தொடங்கினாள்.

“சரி. உட்டுடறேன்” என்றாள் சாச்சி.

சொன்னபடியே விட்டாள். பாதியில் விட்டதால் அந்தக் கம்பெனி மற்ற வேலைகளுக்கும் அவளைக் கூப்பிடவில்லை. காலையில் பாரிமுனை பஸ்ஸுக்கு ஓடுவது நின்றது. மூன்று வாரத்தில் கார்ட்டூனில் புதிய குரல் வந்தது. மெல்லிய கீச்சுக்குரல். நம்பள், நிம்பள், அய்யோ அய்யோ என்று என்னென்னவோ பேசியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் நிம்மதியாக இருந்தது. அது யார் வீட்டுக் குரலோ, எங்களுக்கென்ன. அத்தா அதற்குப் பிறகு ஐந்தரை மணிக்குச் செய்தி பார்க்க ஆரம்பித்தார். என் வயிற்றுவலியும் போய்விட்டது.

அந்த வாரமே ஒருநாள் கேட்டில் பையன்கள் அம்மாவைப் பார்த்தார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மீன் குழம்பு வரவில்லை.

“குண்டு! குண்டு வருதுடா! ஓடுங்கடா!”

மூவரும் காதைப் பொத்திக்கொண்டு நாலாபக்கமும் சிதறினார்கள். ஒருவன் வெடித்துச் சாவது போல மண்ணில் விழுந்து உருண்டு காட்டினான். அம்மா பதிலுக்கு எதையாவது சொல்வாள் என்று பார்த்தேன். பக்கத்தில் நின்ற இன்னொரு பெண் சிரித்துவிட்டு, அம்மாவின் கையில் தொங்கிய துணிப்பையை ஒருமுறை பார்த்து, தன் பிள்ளையை மறுபக்கம் இழுத்துக்கொண்டாள். அம்மா அங்கேயே பையைத் திறந்து எனக்கான பன்னை வெளியே எடுத்தாள். எப்போதும் ரோட்டைக் கடந்த பிறகுதான் கொடுப்பாள். எல்லார் கண்ணிலும் படும்படி அதை என் கையில் வைத்து, வெறும்பையை இரண்டு தடவை உதறி மடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து கையை வீசிக்கொண்டுதான் வந்தாள். எனக்குப் பசியான பசி.

ஆனாலும் நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். இந்த நல்ல செய்தியைச் சாச்சியிடம் சொல்லவேண்டும் என்று மொட்டைமாடிக்கு ஓடினேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“சாச்சி, இப்ப யாரும் மீன் கொழம்புன்னு கத்தறதே இல்ல.”

“அப்டியா? வேற இன்னா சொல்றானுங்க?”

சொன்னேன். அந்தப் பையன் மண்ணில் விழுந்து உருண்டதையும் நடித்துக் காட்டினேன்.

“யாரப் பாத்து? அம்மாவப் பாத்தா?”

“ஆமா. ஆனா உன் டயலாக்கு இல்ல சாச்சி, உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது” என்றேன், அவள் கவலைப்படக்கூடாதே என்று. “அம்மாதான் மோசம். பையே எடுத்துகினு வர்றதில்ல இப்ப. பன்னும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

சாச்சி கையிலிருந்த ஈரத் துணியைக் கொடியில் போடவில்லை. அதை முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். முதலில் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் அழுகிறாள் என்று தெரிந்தது.

வேலை போன துக்கம், பாவம். அதற்கு நானும் ஒரு காரணம் என்பதால் எனக்குச் சங்கடமாக இருந்தது. அவள் துப்பட்டாவின் நுனியைப் பிடித்து இழுத்து, பெரிய மனுஷி போலத் தேற்றினேன்.

“அழாத சாச்சி. வேற கம்பெனில உன்னைக் கூப்புடுவாங்க.”