நாகப்பட்டினத்தில் விட்டுவந்த தலையணை

பினாங்கில் தகரப் பெட்டியை மாதம் ஒருமுறையாவது வெயிலில் திறந்து வைக்காவிட்டால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். நம் சேலத்துப் பக்கம் வெயிலுக்குப் பயந்து சாமான்களை உள்ளே வைப்போம். இங்கே ஈரத்துக்குப் பயந்து வெளியே வைக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை என் பெட்டியைக் கடைவாசலில் திறந்து வைத்திருந்தேன். பக்கத்துக் காப்பிக்கடைச் சீனர் அதைப் பார்த்துவிட்டு, "பாலிக்?" என்று கேட்டார். ஊருக்குத் திரும்புகிறாயா என்று பொருள். இல்லை, பெட்டிக்கு வெயில் காட்டுகிறேன் என்று என் அரைகுறை மலாயில் சொன்னேன். என்ன புரிந்ததோ, அவர் உள்ளே போய் இரண்டு ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து, கப்பலில் தின்னும்படி சைகை காட்டிக் கொடுத்தார். மறுப்பதற்கு எனக்கு மலாய் போதவில்லை. மறுநாள் காலையில் நான் வழக்கம்போலக் கடைப்பலகையைக் கழற்றுவதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை இங்கே எழுத முடியாது.

இங்கே பயணம் போகிறவனுக்குக் கொடுக்கிறார்கள். நம் ஊரிலோ பயணம் போகிறவனிடம் கொடுக்கிறார்கள். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆட்டையாம்பட்டியில் என் பெட்டி பரணிலிருந்து இறங்கிய சேதி தறிக்குழி தறிக்குழியாகப் பரவும். மறுநாள் விடிவதற்குள் கைமுறுக்குத் தூக்குகளும், சேந்தமங்கலத்து நெய்யும், கொல்லிமலைத் தேனும், சீயக்காய்த் தூளும் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். ஒவ்வொன்றோடும் ஒரு பெயர் வரும். "எங்க ராமுக்கு இதை மட்டும் குடுத்துருங்க, எடமே புடிக்காதுங்க" என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஒவ்வொன்றும் தனித்தனியாக இடம் பிடிக்காதவைதாம்.

யுத்தத்துக்குச் சில வருடங்களுக்கு முன் நான் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பியபோது அப்படி வந்து சேர்ந்த பொருள்களில் ஒன்றைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றவை நடந்தபடியே.

நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் எனக்கு மூத்தவர் காதர் பாய். சேலம் கோட்டைப் பக்கத்துக்காரர். கடைமாடியில் ஒரே அறையில் இருவரும் இருந்தோம். அவருக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுத்துப் படிக்க வராது. ஊருக்கு அவர் போட்ட கடிதங்களையெல்லாம் நான்தான் எழுதினேன். ஆகவே அவர் வீட்டுக் கதை எனக்குத் தெரியும். எட்டு மாதக் குழந்தை காய்ச்சலில் போய்ச் சேர்ந்த துக்கம் ஆறுவதற்குள் அவர் கப்பலேறிவிட்டார். இப்போது போக வேண்டாம் என்று மனைவி ஜைத்தூன் அழுதிருக்கிறாள். கேட்கவில்லை. அதன்பிறகு மூன்று வருடம் எத்தனையோ கடிதம் எழுதினோம். அவளிடமிருந்து ஒரு வரி இல்லை.

நான் ஊருக்குப் புறப்பட்ட அன்று காதர் பாய் என் சட்டைக் காலரைச் சரிசெய்வது போல அருகே வந்து சொன்னார்: "வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அப்புறம் போ பழனி, அவ அண்ணன் ஊட்டுல இருப்பான். ஏதாச்சும் குடுத்தா வாங்கிட்டு வா. குடுக்கலேன்னா நீயாக் கேக்காதே. எனக்குப் புரிஞ்சுரும்."

போனேன். அண்ணன்காரர் பாயை விரித்து உட்கார வைத்தார். உள்ளறைக் கதவில் திரை தொங்கியது. நான் பினாங்குச் சேதியெல்லாம் திரையைப் பார்த்துச் சொன்னேன். கிளம்ப எழுந்தபோது திரைக்குக் கீழே இரண்டு கைகள் ஒரு மூட்டையை நகர்த்தி வைத்தன. பழைய ஜமக்காளத்தில் சுற்றிய இலவம்பஞ்சுத் தலையணை.

"இது எடத்தை அடைக்குமே அம்மா" என்றேன்.

"அடைக்கும்தானுங்க அண்ணே. ஆனா கனம் இல்லீங்க."

"பாய்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாங்க. பாத்தா அவுங்களுக்குத் தெரியும்."

வெளியே வந்ததும் அண்ணன்காரர் மெல்லச் சொன்னார்: "கல்யாணத்துக்குத் தச்ச ரெட்டைத் தலகாணிங்க. அவரு கப்பலேறின அன்னிக்கே ரெண்டையும் கட்டி மேல போட்டுட்டா. போன வாரந்தான் எறக்கி வெயில்ல வெச்சா."

அன்று மாலையே காதர் பாய்க்கு ஒரு கார்டு எழுதினேன். உங்கள் வீட்டுக்குப் போய் வந்தேன், மற்றவை நேரில் என்று மட்டும். தலையணையைக் கையில் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பெட்டி அடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்கியது. எங்கள் தறியில் நெய்த வெண்பட்டு வேட்டிகள் பதினாறு என் பெட்டியில் இருந்தன. பினாங்கில் அவற்றைக் காட்டிப் பெரிய மனிதர்களின் நம்பிக்கையைப் பெற்று, தனியாக ஒரு கடை போடுவது என் கனவு. தலையணையையும் உள்ளே திணித்து, என் அக்கா மூடிமேல் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். மூடி இறங்கவில்லை.

"உன்ற வேட்டில பாதியை எடுத்து வெச்சுட்டுப் போயேன் சாமி. அதுக்குக் கால் மொளச்சா போயிரும்? அடுத்த தடவை கொண்டுக்கலாம். இது அந்தப் புள்ள நம்பிக் குடுத்தது."

"கையில தூக்கிக்கறேன் அக்கா" என்றேன்.

அப்படியே தூக்கிக்கொண்டுதான் சூரமங்கலத்தில் ரயிலேறினேன். வழியெல்லாம் அதன்மேல் தலைவைத்து நான்தான் தூங்கினேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

நாகப்பட்டினத்தில் பெரிய சாமான்களையெல்லாம் முன்னதாகவே ஒப்படைத்துவிட வேண்டும். நம்பர்ச் சீட்டு ஒட்டிக் கப்பலின் அடித்தட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அக்கரையில் இறங்கும்வரை கண்ணில் படாது. கொட்டகையில் இருந்த குமாஸ்தா என் கையிலிருந்த மூட்டையை விரலால் அழுத்திப் பார்த்தார். அந்த நாளில் கொள்ளைநோய்ப் பயம் அதிகம். "பஞ்சு தனியாப் போகாது. பெட்டிக்குள்ள அடங்கினா வையும். இல்லேன்னா இங்கேயே விட்டுட்டுப் போம்" என்றார். எனக்குப் பின்னால் நூறு பேர் நின்றார்கள்.

ஓரமாக உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். ஏழு வேட்டியை வெளியே எடுத்தால் தலையணை அடங்கிவிடும். எடுக்கவும் எடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு, அந்த வழவழப்பைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு ஏழையும் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினேன். பக்கத்தில் மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போகிற ஒரு பெண் காய்ச்சல்காரப் பிள்ளையை வெறுந்தரையில் கிடத்தியிருந்தாள். தலையணையை அந்தப் பக்கமாகத் தள்ளிவிட்டேன். அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். நல்ல காரியம் செய்துவிட்டதாகக்கூட எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு கப்பல் கிளம்புகிறவரை இருந்தது.

பினாங்குத் துறையில் காதர் பாய் துவைத்த சட்டையோடு நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்தார். அப்புறம் பெட்டியைப் பார்த்தார். பெட்டியை அவரே தலையில் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்தார். "தெற" என்றார். திறந்தேன். மூடி முட்ட வேட்டிகள். கப்பலில் ஏழு நாளும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்: தலையணை கொடுத்தார்கள் பாய், துறைமுகத்தில் விடவில்லை என்று. அந்த வேட்டிகளுக்கு முன்னால் அது வாயில் வரவில்லை. வீட்டுக்கே போகவில்லை என்றும் சொல்ல முடியாது. கார்டு எனக்கு முன்பே வந்து, கடையில் யாரோ அவருக்குப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

"ஒண்ணும் குடுக்கலியா?"

"இல்லீங்க பாய்."

அவர் தலையை மட்டும் அசைத்தார். கடைக்குள் போய் அளவுகோலை எடுத்துக்கொண்டார். அதன்பிறகு ஊருக்குக் கடிதம் எழுதச் சொல்லி என்னை அவர் கேட்கவில்லை. ஆறேழு மாதத்தில் இங்குள்ள ஒரு மலாய்ப் பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டார். அமைதியான பெண், துறைமுகத்துக்கு அருகே அவள் தாயாருக்கு ஒரு பலகாரக் கடை இருந்தது. விருந்தில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தப் பதினாறு வேட்டியில் நல்லதாக ஒன்றை எடுத்து அவருக்குப் பரிசும் கொடுத்தேன்.

மறுவருடம் அண்ணன்காரரிடமிருந்து கடிதம் வந்தது. காதர் பாய் அதை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் வாய்விட்டுப் படித்தேன். எல்லோரும் சுகம். மழை பரவாயில்லை. அடுத்த வரியில் என் கண் முந்திப் போய் நின்றது. அதைத் தாண்டிப் படித்துவிட்டால் இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. தாண்டவில்லை. என் வாழ்க்கையில் அந்த ஒரு வரியை மட்டும் ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். "பழனியிடம் கொடுத்தனுப்பிய தலையணை வந்து சேர்ந்ததா என்று ஜைத்தூன் கேட்கிறாள். கூட்டிப் போக வருவதானால் அவள் புறப்படச் சித்தமாயிருக்கிறாள்."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டு, "அந்த எடத்துல என்ன வெச்சுக் கொண்டாந்தே?" என்று கேட்டார்.

"வேட்டிங்க."

"அதானே பாத்தேன்" என்றார். அவ்வளவுதான். பிறகு, "காயிதம் எடு. எழுது. தலகாணி வந்து சேந்துச்சு. நல்லா இருக்குன்னு எழுது" என்றார்.

"நிக்காஹ் விசயம், பாய்?"

"அதைக் காயிதத்துலயா சொல்றது? நான் போறேன். போயி அவ மொகத்தைப் பாத்துச் சொல்றேன்."

எழுதினேன். மறுநாள் அவர் நான் பரிசு கொடுத்த வேட்டியை மடித்துக் கொண்டுவந்து என் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனார். ஊருக்குப் போக அவரால் முடியவில்லை. பெண்குழந்தை பிறந்தது, பிறகு குண்டு விழுந்தது, ஜப்பான்காரன் வந்தான். மருந்து கிடைக்காத அந்தக் காலத்தில் காய்ச்சல் வந்து காதர் பாய் காலமானார். அடக்கத்தில் எல்லோருக்கும் பின்னால் நின்றுவிட்டு வந்தேன்.

யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் ஊருக்கு வந்தேன். மௌத்துச் செய்தி ஏற்கெனவே அந்த வீட்டுக்குப் போயிருந்தது. இந்த முறை திரை இல்லை. தலையில் முக்காட்டோடு ஜைத்தூன் கதவோரம் வந்து நின்றாள். முன்நெற்றியில் நரை. அண்ணன்காரர் வெளியே போயிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், தலையணையை நாகப்பட்டினத்தில் விட்டதையும், நான் சொன்ன பொய்யையும் கொட்டிவிட்டேன். பத்து வருடப் பாரம். சொல்லி முடித்ததும் எனக்கு மூச்சு நன்றாக வந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன், அப்படித்தான் இருந்தது.

அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்து சேந்துச்சுன்னு எழுதியிருந்தாங்களே அண்ணே."

"பாய் அப்படி எழுதச் சொன்னாருங்க."

"அவுங்க மௌத்தானப்போ அது தலைக்கடியில இருந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அதை நெனச்சுத்தான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்." குரலில் கோபமே இல்லை. "நீங்க இதைச் சொல்லாமயே இருந்திருக்கலாங்க."

நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். போகவும் முடியவில்லை. அவளே கேட்டாள்.

"அங்க அவுங்களுக்குச் சோறு யாரு ஆக்கிப் போட்டாங்க?"

பாதி உண்மையைச் சொல்லி ஒரு பெண்ணின் தூக்கத்தைப் பறித்தாகிவிட்டது. மீதி உண்மை இன்னும் என்னிடம் இருந்தது. அதைச் சொல்கிற உரிமை காதர் பாய்க்கு இருந்தது. எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. உரிமையைப் பற்றியெல்லாம் யோசித்து நான் நிறுத்திக்கொண்டதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. பயம்தான்.

"கடையில எல்லாருக்கும் ஒண்ணா ஆக்கறதுதானுங்க அம்மா" என்றேன்.

"அது போதுங்க" என்றாள் அவள்.

நான் பினாங்கு திரும்பி வருடம் ஒன்றாகப் போகிறது. இங்கே எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது. ஊரில் எனக்கென்று ஒதுக்கிய அறை இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஆட்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஆனால் சேலத்தில் இருந்த கடைசி நாட்களில், பெரியகடை வீதிக்குப் போக வேண்டுமானால் ஜைத்தூன் இருக்கும் கோட்டைத் தெருவை விட்டு ஆற்றோரமாகச் சுற்றிப் போனேன். இங்கே துறைமுகத்துக்குப் போகக் குறுக்குவழியாக ஒரு சந்து உண்டு. அதன் முனையில் அந்த மலாய்ப் பெண் பலகாரம் விற்கிறாள். பக்கத்தில் காதர் பாயின் அதே நெற்றியோடு ஒரு சிறுமி வாழையிலையைக் கத்தரித்துக்கொண்டிருப்பாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. என் கடைக்கு வரவேண்டிய துணிப்பொதி நேற்றுத் துறைமுகத்தில் இறங்கியது. கொட்டும் மழையில், மூன்று தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போய் எடுத்து வந்தேன்.