சாக மறுத்த செல்கள்

வலது காது அடைத்துக்கொண்டபோது பஸ் டிப்போ மெக்கானிக் அதைப் பொருட்படுத்தவில்லை. இன்ஜின் இரைச்சலிலேயே குப்பை கொட்டுகிறவருக்குக் காது மந்தமாகாமல் என்ன செய்யும்? மூக்கில் ரத்தம் எட்டிப் பார்த்தது. உடம்புச் சூடு என்றார். கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி எழும்பிய பிறகுதான் மனைவி அவரைத் தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

மூக்குக்குப் பின்னால், தொண்டை தொடங்கும் இடத்தில் புற்றுநோய் என்றார் டாக்டர்.

"நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லையே!"

"இதுல ஒரு வைரஸுக்கும் பங்கு இருக்கு. சின்ன வயசுல எச்சில் வழியா வந்திருக்கும். பெரும்பாலானவங்க உடம்புல சும்மா தூங்கிட்டுத்தான் இருக்கும். சில பேருக்கு மட்டும் செல்லுக்குள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு துணுக்குத் துணுக்கா எதையோ உண்டாக்கும். கெட்டுப்போன செல்லை 'செத்துப் போ'ன்னு உடம்பு சொல்லும் இல்லையா? அந்த உத்தரவையே அது மடக்கிப் போட்டுடும்."

"உடம்புல காவலே இல்லையா டாக்டர்?" என்றாள் மனைவி.

"வைரஸோட புரதத்தைப் பார்த்தாத்தான் காவல் உஷாராகும். இந்தத் துணுக்கு புரதமே இல்லைம்மா. சுலபமா கண்ணுல மண்ணைத் தூவிடும்."

அவள் குரல் இறங்கியது. "ஒரே டம்ளர்ல குடிப்போமே. என்கிட்ட இருந்து வந்திருக்குமோ?"

"உங்க ரெண்டு பேருக்குமே சின்னதுலயே வந்திருக்கும்."

"அப்ப இவருக்கு மட்டும் ஏன்?"

டாக்டர் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத் தேதி குறித்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து மெக்கானிக்குக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தெருவில் நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். எங்கே ஓடினாலும் அதையும் தூக்கிக்கொண்டுதானே ஓட வேண்டும்?

கதிர்வீச்சுக்காக, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி அச்செடுத்தார்கள். முதல் நாள் அந்த முகமூடியை மாட்டி மேஜையோடு பூட்டினார்கள். இமையைக்கூட அசைக்க முடியவில்லை. கனத்த கதவு மூடியது. பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்தே காலம் தள்ளியவர், கையில் கொடுத்திருந்த மணியை விடாமல் அழுத்தினார்.

இயந்திரம் இயக்கும் பெண் ஓடிவந்தாள். "என்ன அண்ணே?"

"கழட்டும்மா! மூச்சு முட்டுது!"

மேஜை விளிம்பில் உட்கார்ந்து, இனிப் படுக்க மாட்டேன் என்றார். மனைவியை உள்ளே அழைத்தார்கள். அவள் முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க வாயை அடைக்க இப்படி ஒண்ணு இருக்குன்னு முன்னமே தெரியாமப் போச்சே."

சிரிக்க வாய் திறந்தவர் அழுதுவிட்டார். அந்தப் பெண் முகமூடியில் கண்களுக்கு நேராக இரண்டு ஓட்டை வெட்டித் தந்தாள். மறுபடி படுத்தார். கடைசிவரை அது அவருக்குப் பழகவேயில்லை.

கட்டி கரைந்தது. காது பழையபடி கேட்கவில்லை. எச்சில் வற்றிப்போய், தண்ணீர் இல்லாமல் நாலு வார்த்தை பேச முடியாது.

"வைரஸ் போயிடுச்சா டாக்டர்?"

"அது போகாதுங்க. கட்டி திரும்ப வருதான்னு பார்த்துக்கிட்டே இருப்போம்."

டிப்போவில் அவரை ஜன்னலில்லாத உதிரிபாக அறைக்கு மாற்றினார்கள். பழைய பிரேக் டிரம் ஒன்றை முட்டுக்கொடுத்துக் கதவைத் திறந்து வைத்தார். சாமான் களவு போகும் என்று மேலாளர் கத்தினார்.

"போனா என் சம்பளத்துல பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, வாசலை மறித்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.