தொரட்டியில் ஏறிய மாலை

என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் புகைப்படத்தில் அத்தையின் முகம் தெரியாது. கொண்டையும், உயர்ந்த இரண்டு கைகளும், அவை பிடித்திருக்கும் நீளக் கம்பும்தான் தெரியும். கம்பின் நுனியில் ஒரு சந்தன மாலை தொங்குகிறது. இது என்ன படம் என்று கேட்காத விருந்தாளி இல்லை. கேட்காவிட்டாலும் நான் விடுவதில்லை.

அத்தை என் அப்பாவின் அக்கா, கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டில் ஆடு மேய்த்தவர். வெள்ளைக்காரனை எதிர்த்து, பிடிபட்டு, பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்ட வீரர் ஒருவர் எங்கள் சீமையில் உண்டு. பெயரைச் சொன்னால் பத்து ஊர்க்காரர்கள் பங்குக்கு வருவார்கள். வீரர் என்றே வைத்துக்கொள்வோம். உடைமரக் காட்டில் அவர் ஒளிந்திருந்தபோது எங்கள் முன்னோர் பால் கொடுத்தார்களாம். அதனால் அத்தைக்கு அவர் சரித்திரமல்ல, சொந்தக்காரர். தொண்ணூறுகளில் ஆண்டுதோறும் அவர் சிலைக்கு மாலை போடும் நாளில் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு, மாலையோடு கிளம்பிவிடுவார். நானும் கூடப் போவேன். சாத்திவைத்த ஏணியில் கட்சிக்காரர்கள் ஏறுவார்கள், சங்கத்துக்காரர்கள் ஏறுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். அத்தையின் முறை வருவதற்குள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மாலையைப் பீடத்தில் வைத்துவிட்டுத் திரும்புவோம். "கழுத்துல விழணும்ட்டி. காலடியில கெடந்தா அது மாலையா?" என்று பஸ்ஸில் ஒவ்வொரு வருடமும் சொல்வார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வரும்.

கல்யாணமாகி நான் பினாங்குக்கே வந்து சேர்ந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு இங்கே வீரருக்கு ஒரு நினைவிடம் எழும்பியது. அதை அத்தைக்குக் கடிதத்தில் எழுதியிருந்தேன். என் பிரசவத்துக்குத் துணையாக வந்த அத்தையின் பெட்டியில் குழந்தைக்கு இரண்டு சட்டையும் வீரருக்கு வாடாத சந்தன மாலையும் இருந்தன.

திறப்பு நாளன்று பார்த்தால், உயரமான பீடம், அதன்மேல் குதிரை, குதிரைமேல் வீரர். மாலை போட ஆட்களை உயரே ஏற்றிவிடும் தூக்கு வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு மாலையோடு வெயிலில் நின்றார்கள். இங்கேயும் காலடிதானா என்று எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அத்தை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். செம்பனை என்னும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலிருந்து வேலையோடு வேலையாக வந்தவர்களின் லாரி ஓரத்தில் நின்றது. பழக்குலை அறுக்கும் கம்பு ஒன்று அதன் பக்கவாட்டில் கட்டியிருந்தது. நுனியில் வளைந்த அரிவாள். ஆட்டுக்கு உடைமரத்து நெற்று உலுக்க அத்தை நாற்பது வருடம் பிடித்த தொரட்டிதான், இது கொஞ்சம் நீளம்.

"ஏட்டி, அந்தத் தொரட்டிய வாங்கிட்டு வா," என்றார்.

மாலை அறுபடாமலிருக்க அரிவாளில் துண்டைச் சுற்றினார். செருப்பைக் கழற்றினார். முதல் வீச்சில் மாலை குதிரையின் காதில் மாட்டிக்கொண்டது. யாரோ சிரித்தார்கள். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெதுவாக மீட்டு, மறுபடி உயர்த்தி, தலைப்பாகைக்கு மேலே கொண்டுபோய், மணிக்கட்டை லேசாகத் திருகினார். மாலை வீரரின் கழுத்தில் இறங்கி நெஞ்சில் உட்கார்ந்தது. லாரியிலிருந்த பெண்கள்தான் முதலில் கைதட்டினார்கள். பிறகு கூட்டம் முழுவதும் தட்டியது. நான் நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. பெரிய மனிதர்கள் தங்கள் மாலைகளோடு அத்தையின் முன்னால் வரிசையில் நின்றார்கள்.

"நெருக்காதீங்க அண்ணாச்சி, ஒவ்வொருத்தருக்கா போடுதேன்," என்றார்.

இப்போது அத்தை இல்லை. அந்த நினைவிடத்தில் ஒரு கம்பு நிரந்தரமாக இருக்கிறது. ஆண்டுதோறும் தோட்டத்துப் பெண்கள் அதைக் கொண்டுதான் முதல் மாலையைப் போடுகிறார்கள். என் மகள் போன வருடம் போட்டாள், குதிரையின் காதில் மாட்டாமலே. வீடு திரும்பியதும் இந்தப் படத்தின் முன்னால் நின்று, அத்தை அன்று காரில் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். அந்தத் தூக்கு வண்டி மட்டும் நேரத்துக்கு வந்திருந்தால் இத்தனை பாடு இல்லையே என்று நான் ஆதங்கப்பட்டபோது, அத்தை கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னார்:

"போ ஏட்டி. வண்டி வந்திருந்தா அந்தப் பெரிய மனுசங்கல்லா ஏறியிருப்பாவ."