அற்புதமலரின் பூனைப் பெரட்டு

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீட்டிலிருந்து கொழுந்து எடுத்த அற்புதமலரைப் போல ஒரு கெட்டிக்காரியை நான் கண்டதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது.

1913இல் அவள் பூனை கறுப்பி ஓயாமல் தலையை உதறியது, காதை ரத்தம் வரப் பிறாண்டியது. பக்கத்துத் தோட்டத்தில் வெறிநாய் கடித்து ஒருவர் செத்திருந்த நேரம்.

"வெறி புடிச்சிருச்சுடா மாணிக்கம், சாக்குல கட்டி ஆத்துல போடு" என்றார் கபிரியேல் கங்காணி. சாக்கோடு போனேன்.

அற்புதமலர் வழிவிடவில்லை. பூனையின் காதுக்குள் துணியால் துடைத்தாள். காப்பித்தூள் மாதிரி கறுப்பு அழுக்கு வந்தது. அதைத் தன் கறுப்புக் கம்பளியில் தட்டி வெயிலில் காட்டினாள். தூசி அளவு வெள்ளைப் புள்ளிகள் ஊர்ந்தன. ஆத்தாடி!

"இது பூச்சிங்க அண்ணே, வெறி இல்ல."

கங்காணி இருபது நாள் தவணை கொடுத்தார். அதற்குள் தலையாட்டல் நிற்காவிட்டால் ஆறுதான்.

அவள் ஒருநாள் விட்டு ஒருநாள் தேங்காயெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, காதில் சில சொட்டு விட்டு, காதடியைத் தேய்த்துத் துடைத்தாள். குச்சியைக் காதுக்குக் கிட்டே அண்டவிடவில்லை. இந்தப் பூச்சி பூனைக்குப் பூனை ஒட்டும் என்று, முதல் ஞாயிறே ஜெபம் முடிந்ததும் லயத்துப் பூனைகளுக்கெல்லாம் பெரட்டு வைத்தாள். விடியற்காலை வேலைக்கு முன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டைப் போலவே பூனைகளையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். சனம் சிரித்துக்கொண்டே தூக்கி வந்தது. அப்புறமும் வீடு வீடாகப் போய் எண்ணெய் விட்டாள்.

நான் மட்டும் போகவில்லை; அவள் வீட்டுக்கு வந்தபோதும் பூனை எங்கோ ஓடிப்போய்விட்டது என்று மறைத்துவிட்டேன். என் பூனையும் காதைச் சொறிந்தது எனக்குத் தெரியும். பொம்பிளை வைக்கிற பெரட்டுக்கு நான் போவதா என்ற வீம்பு.

பதினெட்டாம் நாள் கறுப்பி மறுபடி பிறாண்டியது. கங்காணி தவணை முடியும்வரை பொறுக்காமல் சாக்கோடு என்னைத்தான் அனுப்பினார். அற்புதமலர் பூனையை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"எல்லாப் பூனைக்கும் போட்டேனே அண்ணே, எங்க தப்பு விட்டேன்னு தெரியலையே."

சாக்கைக் கீழே போட்டேன். அவள் கொழுந்துக்குப் போன நேரமெல்லாம் என் பூனை கறுப்பியோடுதான் படுத்துக் கிடந்தது.

"தப்பு உன்னுதில்ல தாயி. என் பூனையை நான் மறைச்சுட்டேன்."

விடிந்ததும் பெரட்டுக் களத்தில் அத்தனை பேர் முன்னாலும் கங்காணியிடம் அதையே சொன்னேன். அவர் காறித் துப்பிவிட்டு இன்னும் இருபது நாள் கொடுத்தார். கறுப்பி பிழைத்துக்கொண்டது.

 நான் ஒப்புக்கொண்ட அன்று சாயங்காலமே அற்புதமலர் எண்ணெய்க் கிண்ணத்தோடு என் வீட்டுக்கு வந்து, என் பூனையை மடியில் போட்டுக் காதைத் துடைத்தாள். ஐயோ, அவள் என்னைத் திட்டியிருந்தாலாவது தேவலை.