குணம் அண்ணை மருந்தடிக்காமல் விட்ட பத்தடி

குணம் அண்ணையின் வேலையைப் பறித்தது கம்பனி அல்ல. அவரோடு வேலை செய்த நாங்கள் நான்கு பேர். சென்ற செவ்வாய் காலை வேலைக்குப் புறப்படும்போது குணம் அண்ணை அறையெடுத்திருந்த பார்க்டேலிலிருந்து தொலைபேசி வந்தது. அறையில் தனியே இறந்து கிடந்தாராம். மாரடைப்பு. வயது நாற்பத்து மூன்று.

நகரின் ஓரத்தில், மல்வேர்னில், பெரிய மின்கம்பிகளுக்குக் கீழே நீளும் புல்வெளியில் களைக்கு மருந்தடிப்பது எங்கள் வேலை. முதற் கோடையில் அவர் ஒரு செடியை ஒடித்து, வடிந்த பாலைக் காட்டி, "உது எருக்கலையடா" என்றார். அது மில்க்வீட், இந்த நாட்டுப் பால்களை என்று சொன்னோம். கேட்கவில்லை. பூவும் இலையுமாகக் கொண்டுபோய்த் தன் அறையிலிருந்த பிள்ளையார் படத்துக்குச் சாத்தினார். "பூ வேற நிறம்தான். பால் ஒண்டுதானே, பிள்ளையார் சமாளிப்பார்."

இலையோடு வரிவரியான ஒரு புழுவும் போயிருந்தது. வேறு எந்தக் கீரையையும் அது தொடவில்லை. தினமும் சாப்பாட்டுப் பெட்டியில் அதே இலையைக் கொண்டுபோனார். ஒருநாள் அது படச் சட்டத்தில் பச்சைக் கூடாகத் தொங்கியது. இரண்டு கிழமையில் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாக வெளியே வந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டார். குளிருக்கு முன் அவை மெக்சிக்கோ வரை பறக்குமென்று யாரோ சொல்லியிருந்தார்கள். "உதுகளிட்டை ஒருத்தனும் விசா கேக்கிறேல்லை, பாத்தியே" என்றார்.

அதன்பின், செடி அடர்ந்த மேடொன்றில் பத்தடிக்கு அவர் மருந்தடிக்கவில்லை. "உதையும் எரிச்சா அதுகள் எங்கை போறது?" நாங்கள் 'பூச்சி அண்ணை' என்று பட்டம் வைத்தோம். மேற்பார்வையாளன் மேட்டைப் பார்த்து, யார் விட்டது என்று கேட்டான். அகதி வழக்கு முடியாதவர்கள் நாங்கள். எல்லோருக்கும் வேலை போகும் பயம். நான்தான் முதலில் குணம் அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். மற்ற மூவரும் பார்த்தார்கள். அவனுக்கு அது போதும். அன்றே அவரை நிறுத்தினான். மறுநாள் அந்தப் பத்தடிக்கு நாங்களே மருந்தடித்தோம்.

பிறகு அவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். பஸ்ஸில் கண்டால் எங்கள்மேல் ஒரு கோபமும் காட்டமாட்டார். "மேடு இருக்கோ?" என்று மட்டும் கேட்பார். "ஓம் அண்ணை" என்று ஒவ்வொரு முறையும் பொய் சொன்னேன். அவருடையதென்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான்.

இந்த வருடம் வேரிலிருந்து செடி மறுபடி முளைத்திருக்கிறது. திங்கட்கிழமை அங்கே மருந்தடிக்க வேண்டும். செத்தவீட்டில் மற்ற மூவரிடமும் கேட்டேன்: அந்தப் பத்தடியை விடுவோம், யார் விட்டது என்று அவன் கேட்டால், நாலு பேரும் "நான்தான்" என்று சொல்லுவோம், சொல்லுவீர்களா?

மூவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.