அண்ணாச்சி இழுத்துப் பார்த்த டியூபா

சங்கரலிங்கம் அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி வியாழக்கிழமை காலையில் நம் பேண்டு குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தேன். நீங்களெல்லாம் கைகூப்பிய படங்களாகப் போட்டுத் தள்ளினீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. எனக்கு முதலில் தோன்றியது, 'அந்த டியூபா இனி என்ன ஆகும்?' என்பதுதான். பொய் கலந்து நினைவஞ்சலி எழுத எனக்கு வராது. எழுதச் சொன்னது நீங்கள்; அனுபவியுங்கள்.

இந்த வங்காள ஊரில், டாக்குரியா பள்ளிக்கூட ஹாலில் ஞாயிறுதோறும் கூடி ஊதுகிற நம் பன்னிரண்டு பேருக்கு அவர்தான் தலைவர் என்று யாரும் ஓட்டுப் போடவில்லை. துறைமுக ஆபீசில் ஆட்களை அதட்டிப் பழகியவர், இங்கேயும் வந்து அதட்டினார். நாம் அடங்கி உட்கார்ந்துவிட்டோம். முழங்கால் அளவு மழைத்தண்ணீர் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, யூஃபோனியம் என்கிற தன் பித்தளை வாத்தியத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். அதை நான் மறுக்கவில்லை. வந்ததும், வராத ஏழு பேருக்கும் போன் போட்டு, வாய்க்கு வந்தபடி திட்டினார். இரங்கல் கூட்டத்தில் முதல் பாதியை மட்டும் சொன்னீர்கள்.

ஒரு பொங்கல் விழாவில் மேடையிலேயே வாசிப்பை நிறுத்தி, என்னைப் பார்த்து விரலை நீட்டி, "வே, நீர் பிந்துதீர்!" என்றார். பிந்தியது நானில்லை, ஐயா. அவர்தான் ஓடினார். கைதட்டல் கேட்டால் அவருக்குக் கால் தரையில் நிற்காது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவி வீடு வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்: நான் ஊதுகிற இந்தச் சின்ன ஹார்னை வைத்துவிட்டு, அடிச்சுரம் பிடிக்கிற பேஸ் ஊதவேண்டும். மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு ஊதுகிற பெரிய பித்தளை வாத்தியமான டியூபாதான் பேண்டுக்கு பேஸ். அது வைக்கிற அடிக்குத்தான் மற்றவர்கள் நடக்கவேண்டும். அண்ணாச்சியே சொல்வார்: "பேஸ் ஊதுதவன் நெனச்சா மொத்தப் பேண்டையும் கட்டி இழுத்துட்டுப் போயிருவான். அந்தச் சனியன் நமக்கு வேண்டாம்வே."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிடர்பூரில் பழைய சாமான் விற்கும் ஒரு பாய் கடையில் அப்படி ஒன்று வந்தது. பெரியது, நிமிர்த்தி வைத்தால் என் இடுப்புக்கு வரும். இரண்டு இடத்தில் நசுங்கல், மற்றபடி லட்சணம். ஊதிப் பார்த்தேன். அடிவயிற்றிலிருந்து எழுந்த அந்த ஒற்றைச் சுரத்தை எட்டு எண்ணும்வரை பிடித்தேன். வெளியே கைவண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அப்போதே வாங்கியிருக்கவேண்டும், புத்தி எங்கே போயிற்றோ! நம் பேண்டில்தான் ஒரு சட்டம் உண்டே: அண்ணாச்சி இழுத்துப் பார்க்காமல் யாரும் பழைய வாத்தியம் வாங்கக்கூடாது. நானே போய் அவரைக் கூட்டி வந்தேன்.

அந்தச் சோதனை உங்களுக்குத் தெரியும். வால்வை அமுக்காமல் அதன் குழாயை மட்டும் வெடுக்கென்று உருவவேண்டும். வால்வு இறுக்கமாக இருந்தால் சோடா பாட்டில் திறக்கிறமாதிரி 'டப்' என்று சத்தம் வரும். தேய்ந்து காற்று கசிந்தால் சத்தம் வராது. அண்ணாச்சி தோளிலிருந்த துண்டை வால்வுகள்மேல் போட்டுத் தூசு துடைத்தார். துண்டின்மேல் இடது கையை வைத்துக்கொண்டு வலது கையால் உருவினார். சத்தம் இல்லை. இன்னொரு குழாய். அதிலும் இல்லை. நல்ல சாமான் என்று பாய் வங்காளத்தில் சத்தியம் செய்தார். "சவத்த விட்டுத் தள்ளும்வே, பூரா ஓட்ட. அதுவும்போக உமக்கு மூச்சு பத்தாது" என்றார் அண்ணாச்சி. நான் வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து, மனசு கேட்காமல் மறுபடி போனேன். "உங்க அண்ணன் எடுத்துட்டுப் போயிட்டாரே" என்றார் பாய். அந்த ஞாயிறு எல்லோர் முன்னாலும் கேட்டேன். கொஞ்சமும் அசையாமல் சொன்னார்: "ஆமா, வாங்கினேன். ஓட்டச் சாமான நீர் வாங்கி ஏமாறக் கூடாதுல்லா, அதான்." நீங்கள் கைதட்டினீர்கள். கூட்டாளி ஏமாறக்கூடாதென்று கைக்காசைப் போட்ட மகராசன் என்றீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அவர் சொன்னது நிஜமாக இருந்துவிட்டால்? அந்தச் சந்தேகத்திலேயே வாயை மூடிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அவர் மனைவி, நம் மதினி, என்னை நியூ டவுன் வீட்டுக்குக் கூப்பிட்டார். பதினான்காவது மாடியில், பரண்மேல், டியூபா கிடந்தது. பாய் கட்டிக்கொடுத்த சாக்கும் கயிறும் அப்படியே இருந்தன.

"ஒரு நா கூடப் பிரிக்கல தம்பி. 'அவன் வந்து வாயத் தொறந்து கேக்கட்டும், அன்னைக்கே தூக்கிக் குடுத்திருதேன்'ம்பாக. நீங்க கேக்கவே இல்ல."

"கேக்கல மதினி."

"வேணும்னா எடுத்துக்கிடுங்க. அவுக வாங்கின வெலயக் குடுத்தாப் போதும்."

சாக்கைப் பிரித்தேன். வால்வுகளுக்கு எண்ணெய் விட்டு, பிடிப்பு இளகும்வரை அமுக்கினேன். பிறகு கையை எடுத்துவிட்டு, குழாயின் வளைவில் துண்டைக் கோத்து ஒரே இழுப்பு.

டப்!

மதினி பதறிப்போனார். "என்ன தம்பி, ஒடஞ்சிட்டா?"

அடுத்த குழாய். டப். மூன்றாவதிலும் டப். பிறகு வால்வின்மேல் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலால் அமுக்கிக்கொண்டு உருவினேன். சத்தமே இல்லை; அமுக்கினால் காற்றுக்கு வழி திறந்துவிடும். அன்று துண்டுக்கடியில் அவர் செய்தது இதுதான். அட பாவி மனுஷா!

"உடையல மதினி. நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். மதினி இங்கேயே பிறந்து வங்காளப் பள்ளியில் படித்தவர், தமிழ் வாசிக்க வராது. யாரும் இதைப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

அங்கேயே உட்கார்ந்து ஊதினேன். அதே சுரம்தான். எட்டு எண்ண நினைத்தேன்; ஐந்தில் மூச்சு முடிந்துவிட்டது. மறுபடி ஊதினேன், அப்போதும் ஐந்துதான். எனக்கு அறுபத்தாறு வயது. அந்த மூன்று எண்ணிக்கையை அண்ணாச்சி சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டார். மூச்சு பத்தாது என்று அன்று அவர் சொன்ன பொய்யை இரண்டு வருஷம் காத்திருந்து நிஜமாக்கிவிட்டார். இதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இரண்டு. ஒன்று, அவர் சொல்லிக்கொடுத்த அந்தச் சோதனை. அதை வைத்துத்தான் அவரைப் பிடித்தேன். மற்றது இந்த டியூபா. மதினி கேட்டதைக் கொடுத்து எடுத்து வந்துவிட்டேன். வருகிற ஞாயிறு அவருடைய காலி நாற்காலிக்கு நேர் பின்னால் உட்காருவேன். ஐந்து எண்ணிக்கைக்கு ஒரு தரம் நிறுத்தி மூச்செடுப்பேன். நீங்களும் அங்கேதான் மூச்செடுக்கவேண்டும்.